காபரேட்டர் மாமாவும் என் இடப்பக்கக் குழாயும்

மட்டக்களப்பு, கல்லடியில், கல்முனை வீதியோரம் நான் வழக்கமாகப் போகிற கராஜுக்கு முன்னால் ஒரு வாங்கு கிடக்கிறது. பழைய பள்ளிக்கூட வாங்கு. ஒரு கால் குட்டை என்பதால் ரயர்த் துண்டு வைத்து முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். காலை எட்டரைக்கெல்லாம் அதில் மூன்று பேராவது இருப்பார்கள். மூவரிடமும் மோட்டார் சைக்கிள் இல்லை. ஒருவரிடம் இருந்தது, விற்றுவிட்டார். ஆனால் அந்த வழியால் உருட்டிக்கொண்டு வரப்படும் எந்த வண்டிக்கும் என்ன நோய் என்று, வண்டி வந்து நிற்பதற்கு முன்னாலேயே அவர்களுக்குத் தெரியும்.

என்னுடையது ஹொண்டா சிடி 125, பென்லி. அப்பாவின் வண்டி. 124 சிசிதான், ஆனாலும் இரண்டு சிலிண்டர். ஒவ்வொன்றும் 62 சிசி, கிட்டத்தட்ட ஒரு தேத்தண்ணிக் கோப்பையில் பாதி. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைலன்சர். பொம்பிளைப் பிள்ளைக்கு இது எதற்கு, ஒரு ஸ்கூட்டியை எடுக்கலாமே என்று கேட்காதவர்கள் குறைவு. நான் விவசாயப் போதனாசிரியர். கல்லடியிலிருந்து ஆரையம்பதி போய், மண்முனைப் பாலத்தால் ஏறி, கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல் வரம்புகளில் அலைகிற வேலை. அந்தக் கிறவல் வீதிகளில் சின்னச் சில்லு வண்டியோடு ஒரு மாரி காலத்தைக் கடந்தவர்கள் வந்து எனக்குப் புத்தி சொல்லட்டும். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வண்டிகளின் விலை ஏறிய ஏற்றத்தில், இதை விற்கச் சொல்லிக் கேட்டு வந்தவர்களும் உண்டு. அதுவும் அந்த வாங்கிலிருந்துதான்.

சரி, விசயத்துக்கு வருகிறேன்.

போன மார்கழியில் வண்டிக்கு ஒரு வியாதி வந்தது. காலையில் கிளப்பினால் ஒற்றைக் காலில் நொண்டுவது போல ஓடும். 'டுப், டுப்' என்று பாதிச் சத்தம். மண்முனைப் பாலத்தில் ஏறும்போது இழுக்காது, இரண்டாம் கியருக்கு இறங்க வேண்டும். பத்து, பதினொரு மணிக்கு வெயில் வந்தால் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடும். அடுத்த நாள் காலையில், தூறலோடு, மறுபடியும் நொண்டல்.

கராஜுக்குக் கொண்டுபோனேன். பாஸ் அதிகம் பேசாத மனிதர். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழும்புவதற்குள் வாங்கிலிருந்து தீர்ப்பு வந்துவிட்டது.

"காபரேட்டர்."

சொன்னவரை நான் மனதுக்குள் காபரேட்டர் மாமா என்றுதான் கூப்பிடுவேன். பெற்றோலைக் காற்றோடு கலந்து இஞ்சினுக்குக் கொடுக்கிற பாகம் அது. எந்த வண்டிக்கும் அவருக்கு இந்த ஒரு நோய்தான். டீசல் லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் ஒன்று புகைத்தபோதும் இதையே சொன்னார். டீசலுக்குக் காபரேட்டர் கிடையாது மாமா என்று பாஸின் உதவிப் பொடியன் சொன்னதற்கு, "அதாலதான் புகைக்குது" என்றார்.

"இல்ல மாமா, ஒரு பக்கம்தான் எரியல்ல போல" என்றேன்.

"ஓம் புள்ள, அந்தப் பக்கத்துக்குப் பெற்றோல் போகல்ல. காபரேட்டர்தான். நான் எழுதித் தாறன்."

இரண்டாமவர் கத்தாரில் 12 வருசம் இருந்தவர். அவருக்கு அது வால்வு. மூன்றாவது ஒரு இளம் பொடியன், றிங் போயிட்டு என்றான். இஞ்சினை இறக்கவேணும் என்று அவன் சொன்ன விதத்தில், மருத்துவரிடம் போய் வந்தவர்களுக்குத் தெரிந்த ஒரு சந்தோசம் இருந்தது. ஒருவரும் எழும்பி வண்டிக்குக் கிட்ட வரவில்லை.

பாஸ் காபரேட்டரைக் கழற்றினார். கழற்றாவிட்டால் அன்றைக்கு அந்தச் சத்தம் ஓய்ந்திருக்காது. பெற்றோல் வருகிற சின்னத் துளைகளான ஜெட்டுகளை ஊதி, மிதவையை ஆட்டிப் பார்த்து, திரும்பப் பூட்டினார். வெயில் ஏறியிருந்தது, வண்டி நன்றாக ஓடியது. மாமா என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்கவில்லை. அடுத்த நாள் காலை ஏழு மணிக்குப் பாலத்தில் மறுபடியும் நொண்டினேன்.

மூன்று தடவை அந்தக் காபரேட்டரைக் கழற்றினார்கள். மூன்றாம் தடவை ஒரு சின்னச் சுருள்வில் துள்ளிக் கானுக்குள் விழுந்து, உதவிப் பொடியன் அரை மணித்தியாலம் ரோச்சோடு குனிந்து கிடந்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். என் வண்டிக்கு இரண்டு சிலிண்டர் இருந்தாலும் காபரேட்டர் ஒன்றே ஒன்றுதான். ஒரே வாயால் குடித்து இரண்டு வயிற்றுக்கும் போகிறது. ஜெட் அடைத்தால் இரண்டு பக்கமும் பட்டினி கிடக்கும், ஒரு பக்கம் மட்டும் கிடக்காது. இதை நான் மாமாவுக்கு மெதுவாகத்தான் விளக்கினேன். அவர் கொஞ்சம் யோசித்தார். யோசித்துவிட்டு, "ஜெட்டில இடப்பக்க ஓட்டை அடைச்சிருக்கும்" என்றார். ஜெட்டில் இடப்பக்கம், வலப்பக்கம் என்று ஓட்டைகள் இல்லை. நடுவில் ஒன்று, ஊசி நுழைகிற அளவு. அவ்வளவுதான். அந்த ஜெட்டைக் கையில் கொடுத்துக் காட்டினேன். "இது ஜப்பான்காரன்ட வேலை, கண்ணுக்குத் தெரியாது" என்றார்.

இப்படியானவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நான் நினைப்பதில்லை. மாமாவுக்குக் காபரேட்டர் பற்றி நிறையத் தெரியும், அதுதான் கரைச்சலே. கத்தார்க்காரருக்கு ஒயில் பற்றித் தெரியும், ஆனால் அங்கே அவர் கண்ட பெரிய வாகனங்களின் ஒயில். அதையே எனக்கும் விடச் சொல்லி ஒரு கிழமை நின்றார், விலை கூடியது, நல்லது என்று. காரில் கிளச் வெளியே, உலர்ந்த இடத்தில் இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் கிளச் தட்டுகள் இஞ்சின் ஒயிலுக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கின்றன. வழுக்கலைக் கூட்டுகிற மருந்து சேர்த்த கார் ஒயிலை விட்டால் தட்டும் வழுக்கும், இஞ்சின் கத்தும், வண்டி போகாது. அதற்குத்தான் பைக் ஒயில் போத்தலில் ஜாசோ எம்ஏ என்று ஒரு குறி போடுகிறார்கள். போத்தலைத் திருப்பிக் காட்டினேன். "எழுத்த நம்பாதீங்க தங்கச்சி, விரலால தொட்டுப் பாருங்க" என்றார். தொட்டுப் பார்த்தேன். ஒயில் மாதிரித்தான் இருந்தது.

இளம் பொடியன் இன்னொரு ரகம். சங்கிலி தளர்ந்திருக்கிறது என்று ஒரு நாள் நான் நிறுத்தும்போதே சொன்னான். பென்லியின் சங்கிலி முழுவதும் தகட்டுப் பெட்டிக்குள் இருக்கிறது. ஒரு றப்பர் மூடியைப் பிடுங்கி விரலை விட்டுத்தான் பார்க்கலாம். வெளியிலிருந்து ஒரு கண்ணியும் தெரியாது. எப்படித் தெரியும் தம்பி என்று கேட்டேன். சத்தத்தில தெரியுது அக்கா என்றான். விரலை விட்டுப் பார்த்தேன், இரண்டு விரல் அகலத்துக்கு ஆடியது. அவ்வளவு ஆடத்தான் வேண்டும். ஆள் ஏறி இருந்து பின்சில்லு மேலே போகும்போது சங்கிலி தானாக இறுகும். வெறும் வண்டியில் தந்தி மாதிரி இறுக்கி வைத்தால், மூன்று பேரும் ஒரு அரிசிப் பையும் ஏறுகிற அன்றைக்கு கியர்ப்பெட்டிக்குள் பெயாரிங் அழும். அவனுடைய அண்ணனின் வண்டி அப்படித்தான் அழுதுகொண்டு திரிகிறது.

2022ஆம் ஆண்டு பெற்றோல் வரிசைகளில் நின்றவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அது ஒரு பல்கலைக்கழகம். கியூஆர் வந்து கிழமைக்கு 4 லீற்றர் என்று ஆகும்வரை, இரவு பகலாக நின்ற இடத்தில் ஒவ்வொருவரும் பேராசிரியர். மண்ணெண்ணெய் கலந்தால் ஒன்றும் ஆகாது என்றார்கள். தாங்கிக்குள் பூச்சி உருண்டை போடச் சொன்ன ஒருவர், போட்ட தன் வண்டியை எனக்கு முன்னால் தள்ளிக்கொண்டு நின்றார். ஏன் அண்ணன் தள்ளுறீங்க என்று யாரோ கேட்டதற்கு, பெற்றோல் இல்லை என்றார். அது நியாயமான பதில்தான்.

அப்பாவின் முறை வேறு. அவர் மெக்கானிக் இல்லை, சங்கக்கடை மனேஜர். டப்பட் சத்தம் கேட்டால் நீளமான ஸ்குரூ ட்ரைவரின் நுனியை இஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். எங்கள் வாவியில் பௌர்ணமி இரவு தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்து மீன் பாடுகிறதா என்று கேட்பார்களே, அதே மாதிரி. மீன்தான் பாடுகிறதா, ஊரியா, கல்லா என்று கல்லடிப் பாலத்தில் நின்று சண்டை பிடிப்பவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். துடுப்போடு போனவர்களை அவ்வளவு காணவில்லை.

அப்பா வண்டி பார்க்கும்போது என் வேலை ரோச் பிடிப்பது. ரோச் பிடித்த பிள்ளைகளுக்குத் தெரியும், எங்கே பிடித்தாலும் அது பிழை. "நான் பாக்கிற இடத்தில பிடி, நீ பாக்கிற இடத்தில பிடிக்காத." 2004இல் கடல் வந்தபோது இந்த வண்டி மதிலுக்கும் மாமரத்துக்கும் நடுவில் கான்டில் வரை மணலில் புதைந்து கிடந்தது. நாங்கள் தப்பியிருந்தோம், அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. இஞ்சின் உப்புக் குடிச்சிட்டு, இனி இரும்புக் கடைக்குத்தான் என்று அப்போதும் வந்து சொன்னார்கள். அப்பா, இஞ்சினுக்குள் பொறி போடுகிற பிளக்குகளைக் கழற்றி, தண்ணீரை வடித்து, டீசல் ஊற்றி ஊற வைத்தார். பிறகு ஒயில் விட்டு, கிளப்பி, உடனே வடித்தார். வடிந்தது பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. மூன்று முறை ஒயில் மாற்றிய பிறகுதான் ஒயில் ஒயிலாக வந்தது. கறண்ட் இல்லாத அந்த இரவுகளில் ரோச் பிடித்தது நான். எனக்கு 14 வயது.

அந்த உப்பு ஒரேயடியாக விட்டுப் போகவில்லை. வயர்களின் நுனியில் இன்றைக்கும் பச்சைப் பூஞ்சணம் மாதிரி ஒன்று வரும், சுரண்டுவேன்.

இடப்பக்கத்து நோயை ஒரு ஞாயிறு அதிகாலையில் வீட்டு முற்றத்தில் நானே பார்க்கத் தொடங்கினேன். வாங்கு இல்லாத இடத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்கிறது. வண்டியைக் கிளப்பி இரண்டு நிமிசம் விட்டேன். சிரட்டையில் தண்ணீர் எடுத்து, சைலன்சர்க் குழாய்கள் இஞ்சினிலிருந்து வெளியே வருகிற இடத்தில் விரலால் தெளித்தேன். வலப்பக்கம் 'சுஸ்' என்று ஆவியாகிப் போனது. இடப்பக்கம் துளி அப்படியே உருண்டு, குழாயின் அடிப்பக்கம் போய்த் தொங்கியது. விரலால் தொட்டேன். தூங்கி எழும்பிய பிள்ளையின் கன்னம் மாதிரி, இளஞ்சூடு. அதுவும் பக்கத்து வீட்டுச் சூடு.

இரண்டு பிளக்கையும் இடம் மாற்றிப் பூட்டினேன். நோய் இடம் மாறவில்லை, இடப்பக்கம்தான். அப்போ பிளக் இல்லை. இடப்பக்கத்துப் பிளக் நுனியில் பெற்றோல் ஈரம் இருந்தது, மணத்தது. அப்போ பெற்றோல் வருகிறது. காபரேட்டர் மாமாவுக்கு அந்த இடத்தில் மனதுக்குள் ஒரு வணக்கம் சொன்னேன்.

கறண்டுதான் மிச்சம். ஆனால் பிளக்குகளுக்குக் கறண்ட் கொடுக்கிற ஒரே கொயிலிலிருந்து இரண்டு வயர் போகும்போது ஒன்று மட்டும் எப்படிக் கெடும்? வண்டியை ஓடவிட்டு, ரோச்சை அடித்து வயரை ஓரங்குலம் ஓரங்குலமாகப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. முதுகு வலித்து நிமிர்ந்தபோது ரோச் கையிலிருந்து நழுவி மணலில் விழுந்து அணைந்தது. விடிய இன்னும் நேரம் இருந்தது, நல்ல இருட்டு.

அப்போதுதான் கண்டேன். இடப்பக்கத்து வயரைப் பிளக்கில் மாட்டுகிற தொப்பியின் கழுத்திலிருந்து சிலிண்டர் ஹெட்டுக்கு, தலைமயிர் மாதிரி ஒரு நீலக் கோடு. துடிக்கிறது, நிற்கிறது, துடிக்கிறது. காதைக் கொண்டுபோனால் 'டிக், டிக்' என்று பல்லி சொல்வது போலச் சத்தம். தொப்பியில் மயிரளவு வெடிப்பு. காலைப் பனியும் தூறலும் அதில் ஊறினால், கறண்ட் பிளக் நுனி வரை போகாமல் அந்த வெடிப்பாலேயே வெளியே தாவிவிடுகிறது. வெயிலில் வெடிப்பு காய்ந்தால் பழையபடி பிளக்குக்குள் போகும்.

வலப்பக்கம் ஏன் கெடவில்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. இந்தக் கொயிலில் கறண்ட் ஒரு பிளக்கால் இறங்கி, ஹெட் வழியாகப் போய், மற்றப் பிளக்கால் திரும்புகிறது. நேராகப் பிளக்கால் வந்தாலென்ன, களவாக வெடிப்பால் வந்தாலென்ன, ஹெட்டைத் தொட்டால் அதன் பயணம் முடிந்தது. வலப்பக்கத்துக்குச் செய்தியே தெரியாது, அது பாட்டுக்கு எரிகிறது.

மறுகா, விடியும் வரை அந்த நீலக் கோட்டைப் பார்த்துக்கொண்டு முற்றத்தில் குந்திக்கொண்டிருந்தேன். இத்தனை வருசம் ரோச் பிடித்தவள், ரோச் அணைந்த பிறகு கண்டுபிடித்தேன் என்று யாரிடம் சொல்ல.

காத்தான்குடியில் உதிரிப்பாகக் கடைக் காக்காவிடம் புதுத் தொப்பி கேட்டேன். பழையதைக் கையில் வாங்கித் திருப்பி, நகத்தால் கீறி, "காபரேட்டரக் கழட்டினீங்களா தங்கச்சி?" என்றார். மூன்று தரம் என்றேன். சிரிக்காமல் சில்லறையைத் தந்தார். நல்ல மனிதர்.

அந்தக் கிழமை ஒரு பின்னேரம், இருட்டிய பிறகு, பழைய தொப்பியைத் திரும்பப் பூட்டி, தண்ணீர் தெளித்து, கராஜுக்குக் கொண்டுபோனேன். ஆம், வேண்டுமென்றேதான். லைற்றை நிப்பாட்டச் சொல்லி பாஸிடம் கேட்டேன். மூவரும் முதல் தடவையாக வாங்கிலிருந்து எழும்பி வந்து குனிந்தார்கள். நீலக் கோடு எல்லாருக்கும் தெரிந்தது. கத்தார்க்காரர் "சபாஷ்" என்றார். காபரேட்டர் மாமா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அதானே நான் முதலே சொன்னன், காபரேட்டருக்குக் கறண்ட் சரியாப் போகல்ல எண்டு."

எனக்கு வாய் அடைத்துவிட்டது. பாஸ் மட்டும் லைற்றைப் போட்டுவிட்டு, திரும்பி நின்று எதையோ தேடுவது போலத் தோள் குலுங்கினார்.

இந்தக் கதையை இத்தோடு நிறுத்தினால் எனக்கு நல்லது. ஆனால் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த மிச்சத்தை நான் மறைத்து என்ன பயன்.

மாசியில் மாமாவின் மருமகன் போன் பண்ணினார். களுதாவளையில் அவருக்கு வெற்றிலைத் தோட்டம், அதோடு கொஞ்சம் மிளகாய். மழை விட்டு, தண்ணீர் இறைக்க வேண்டிய நேரம், பெற்றோல் பம்பு கிளம்பவில்லை. "மிஸ், உங்கட வண்டியப் பாத்த மாதிரி இதையும் ஒருக்காப் பாருங்க." நான் போனிலேயே சொல்லிவிட்டேன், பிளக் தொப்பிதான், மாரியில் ஈரம் பட்டிருக்கும் என்று. போகிற வழியில் காத்தான்குடியில் நிறுத்தி ஒரு தொப்பியும் வாங்கினேன். பம்பை நான் கண்ணால் காணவில்லை.

இத்தனைக்கும் இரண்டு வருசத்துக்கு முன்னால்தான் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் ஒரு பெரியவரிடம் இதே வேலைக்கு வாங்கிக் கட்டியிருந்தேன். வண்டியை விட்டு இறங்காமல், வெள்ளாமை மஞ்சளாக் கிடக்கு, யூரியா போடுங்க ஐயா என்றேன். "மிஸ், எந்த இலை மஞ்சள் எண்டு இறங்கிப் பாத்தீங்களா?" என்றார். அடி இலை பச்சை, குருத்துப் பக்கம் மஞ்சள். தழைச்சத்துக் குறைந்தால் கிழட்டு இலைதான் முதலில் பழுக்கும், குருத்து வெளுத்தால் கந்தகத்தைப் பார்க்கவேண்டும். நான் படித்துச் சோதனை எழுதிய பாடம்.

தோட்டத்தில் பம்புக்குப் பக்கத்தில் கதிரை போட்டு காபரேட்டர் மாமா இருந்தார். நான் புதுத் தொப்பியை மாட்டி, கயிற்றை இழுத்தேன். இழுத்தேன், இழுத்தேன், பன்னிரண்டு தரம். பிறகுதான் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். எலும்பு மாதிரிக் காய்ந்து கிடந்தது. பன்னிரண்டு இழுவைக்குப் பிறகும் ஒரு பொட்டு ஈரமில்லை. மாமா வாயே திறக்கவில்லை. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் காபரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினேன். மூன்று மாதம் நின்ற பெற்றோல், பாணி மாதிரித் தடித்து, பித்தளை நிறத்தில் ஜெட்டை மூடிக் கிடந்தது.

அவர் மடித்து வைத்திருந்த லேஞ்சியை எடுத்து மடியில் விரித்தார். ஜெட்டைக் கேட்டு வாங்கி, துடைத்து, ஒரு கண்ணை மூடி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். நல்ல நேரம் எடுத்துப் பார்த்தார்.

"பகல்தானே புள்ள" என்றார் மறுகா. "ரோச் நிப்பாட்டத் தேவையில்லையே?"

அந்தத் தொப்பி இன்னும் என் பைக்குள்தான் கிடக்கிறது, உறை பிரித்ததால் காக்கா திருப்பி எடுக்கமாட்டேன் என்கிறார்.